அழுத்திப் பிடித்துக்கொண்டு பேசுங்கள்

ரிமோட் விற்பது ஐந்து நிமிட வேலை. வாங்கியவரை அதனோடு பேசவைப்பதுதான் தொழில்.

உங்கள் வீட்டு டிவியின் பின்பக்கத்திலும் விரல் நீளத்துக்கு ஒரு ஸ்டிக் செருகியிருக்கும். அதனோடு வந்த ரிமோட்டின் உச்சியில் மைக் படம் போட்ட ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்திக்கொண்டு பேசினால் கேட்டது வரும் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார். முதல் நாள் வந்தும் இருக்கும். மறுநாள் வேறொரு ஆப்பைத் திறந்து அதே பட்டனை அழுத்தியிருப்பீர்கள். கல்லைப் போலக் கிடந்திருக்கும். பிறகு வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்கொரு தரம் வாங்கி அதனிடம் கத்தியிருப்பீர்கள். வெட்கப்பட வேண்டாம். அப்படிக் கத்தியவர்களில் பாதிப்பேர் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். மீதிப்பேர் இன்னும் கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

மேசை இருப்பது மேற்குத் தாம்பரம் மார்க்கெட்டை ஒட்டிய ஒரு சந்தில், ஏழுமலை சார் கடையில். அவர் அப்பா காலத்தில் இரும்புலியூரில் நெல் போட்ட குடும்பம்; இப்போது டிவி, ஸ்டிக், ஒயர், பேட்டரி. பில் போடுவது சாந்தி. நான் வாரத்தில் மூன்று நாள், காலை பத்திலிருந்து ஒன்றரை வரை, மைக் வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்கிறேன். இதற்கு என்னுடைய தகுதி, கல்லூரியில் படித்த தமிழ் இலக்கியமும் அதன்பிறகு முப்பத்துநான்கு வருடம் ஓர் அரசு அலுவலகத்தில் பார்த்த சுருக்கெழுத்தர் வேலையும். பெரியவர்கள் பேசுவார்கள், நான் எழுதுவேன். அவர்கள் பேசியதற்கு நான் எந்நாளும் பொறுப்பாளி இல்லை. இப்போது மற்றவர்கள் பேசாததற்கும் பொறுப்பாளியாகிவிட்டேன்.

வேலை கிடைத்த கதை பெருமைப்படும்படி இல்லை. என் ரிமோட்டைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற அம்மாவுக்குச் சாந்தி வேகவேகமாகச் சொன்னதை நான் நிறுத்தி நிறுத்தி மறுபடியும் சொன்னேன். எனக்கே புரியாத விஷயம் அந்த அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஏழுமலை சார் பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் வரச் சொன்னார். ஒரு நிபந்தனை: மைக் சரியில்லை என்று திரும்பி வரும் ரிமோட்டுகள் கிறிஸ்துமஸுக்குள் குறைய வேண்டும். குறையாவிட்டால் மேசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் போன் கவர் மாட்டும் கண்ணாடி அலமாரி வரும்.

எனக்கு அந்த மேசை வேண்டும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். என் கணவர் போய்ச் சேர்ந்து ஐந்து வருடமாகிறது. பிள்ளைகள் இல்லை. கடைக்குப் போகாத நாட்களில் பால் போடுகிறவரிடம் சொல்லும் "சரிப்பா"வைத் தவிர என் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே வராது. சாயங்காலம் தொண்டையைக் கனைத்துப் பார்த்தால், திறந்து ரொம்ப நாளான பீரோக் கதவின் சத்தம் வரும். மற்றபடி தொழில்நுட்பத்தின் மேல் எனக்குக் காதல் ஒன்றும் இல்லை.

முதல் நாள்

முதல் வாடிக்கையாளர் பெருங்களத்தூரிலிருந்து இரண்டு பைகளோடு வந்திருந்தார். ரிமோட் பேச மாட்டேன் என்கிறது என்றார். அதைப் பேசவைப்பது எப்படி என்று காட்டுவதற்காகக் கடை டிவியின் ரிமோட்டை எடுத்தேன். வீட்டு அழைப்பு மணியை அழுத்துவது போல பட்டனை ஒரு தரம் அழுத்தினேன். மரியாதையாக விரலை எடுத்தேன். தொண்டையைச் சரிசெய்துகொண்டு, வணக்கம், எனக்குச் சமையல் நிகழ்ச்சி ஒன்று தேவைப்படுகிறது என்றேன்.

டிவி சும்மா இருந்தது. இன்னொரு முறை அழுத்தி, விரலை எடுத்து, "தயவுசெய்து" சேர்த்தேன். மூன்றாம் முறை என் பழைய அதிகாரிகளின் குரலில் சொல்லிப் பார்த்தேன். கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், டிவி பார்க்கவில்லை. சாந்தி எழுந்து வந்து என் கட்டைவிரலின் மேல் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தி, எடுக்காமல் பிடித்துக்கொண்டு, "சமையல்" என்று ஒரே சொல் சொன்னாள். திரை நிறைய வாணலிகள் வந்தன. பேசி முடிக்கும்வரை விரலை எடுக்கக் கூடாது என்பதை நான் அன்றுதான், சம்பளத்துக்கு உட்கார்ந்த பிறகு, கற்றுக்கொண்டேன்.

பெருங்களத்தூர் அம்மா பைகளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பரிவோடு பார்த்தார்.

"நீங்களும் திருப்பிக் குடுக்கத்தான் வந்தீங்களாக்கா?"

வேண்டாம் என்று சொன்னவர்

ஒவ்வொரு ஆப்பும் முதன்முதலாக மைக்கைத் தொடும்போது, பயன்படுத்திக்கொள்ளலாமா என்று அனுமதி கேட்கும். சரி என்று ஒரு தரம் சொல்லிவிட்டால் போதும். இரண்டு தரம் வேண்டாம் என்று சொன்னால் அப்புறம் அது கேட்பதே இல்லை. அதற்கும் என்னைப் போலவே ரோஷம். அதன்பிறகு செட்டிங்ஸுக்குள் போய், ஆப்களின் பட்டியலைத் திறந்து, அந்த ஆப்பைத் தேடி, அனுமதிகள் என்ற இடத்தில் மைக்கைத் திறந்துவிட வேண்டும். இதை நான் இப்போது சுலபமாகச் சொல்கிறேன். கற்றுக்கொள்ள எனக்கு ஒன்பது நாள் ஆனது.

சேலையூரிலிருந்து ஒரு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி வந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா. எந்த ஆப்பிலும் மைக் கேட்கவில்லை என்றார். அவருடைய ஸ்டிக்கைக் கடை டிவியில் செருகிப் பார்த்தேன். இருந்த எல்லா ஆப்களுக்கும், வானிலை சொல்லும் ஆப்புக்குக்கூட, வேண்டாம் என்று சொல்லி வைத்திருந்தார். தெரியாதவர்கள் எதைக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லச் சொல்லித்தான் முப்பது வருடம் வாடிக்கையாளர்களுக்குப் புத்தி சொன்னாராம். நான் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன். பட்டனை அழுத்தியிருக்கும்போது மட்டும்தான் அது கேட்கும் என்று விளக்கினேன். அவர் படிப்படியாகக் குறித்துக்கொண்டார், தேதி போட்டு. வீடியோ ஆப்பில் தன் வாயால் பேசி ஒரு மூட்டுவலிப் பயிற்சியை வரவழைத்துப் பார்த்துவிட்டு, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். என்னுடைய முதல் வெற்றி என்று அன்று வீட்டுக்குப் போய்ப் பாயசம் வைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரிமோட்டை அட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து மேசையில் வைத்தார். என்ன கோளாறு என்று கேட்டேன்.

"நல்லா வேலை செய்யுது மேடம். அதான் பயமா இருக்கு."

பாட்டு எண்

எங்கள் கிறிஸ்தவ சபையில் பாட்டுகளை எண்ணால்தான் தெரியும். ஆராதனைக்குப் போனால் சுவரில் ஒரு பலகை. அதில் அன்றைய எண்கள். அதைப் பார்த்துப் புத்தகத்தைத் திறப்போம். யாருக்காவது பிடித்த பாட்டு என்ன என்று கேட்டால் எண்ணைத்தான் சொல்வார்கள். கல்யாணத்துக்கு ஓர் எண், அடக்கத்துக்கு ஓர் எண். என் கணவருக்குப் பாடிய எண்ணை அந்தப் பலகையில் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் அன்று மத்தியானம் சாப்பாடு இறங்காது.

பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடும் சாமுவேல் அண்ணன் ஒரு வியாழக்கிழமை வந்தார். மறுநாள் அவர் வீட்டில் ஜெபக்கூட்டம். பாட்டை டிவியில் போட்டு எல்லோரும் கூடப் பாடலாம் என்று ஸ்டிக் வாங்கியிருந்தார். வீடியோ ஆப்புக்குள் போய் மைக்கை அழுத்தி, நான் முன்பே சொல்லிக் கொடுத்திருந்தபடி விரலை எடுக்காமல், தெளிவாக, "நூற்று நாற்பத்தேழு" என்றார். டிவி அதைப் பிழையில்லாமல் எழுதியது. பிறகு அந்த எண்ணுள்ள மாநகரப் பேருந்து ஒன்று டிப்போவிலிருந்து கிளம்பி, நின்று நின்று போகும் வீடியோவைக் காட்டியது. இரண்டு நிறுத்தம் வரை அண்ணன் பொறுமையாகப் பார்த்தார்.

எண்ணை விட்டுவிட்டு பாட்டின் முதல் வரியைச் சொல்லுங்கள் என்றேன். அண்ணன் கண்ணை மூடினார். வரவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்து நான் வாயைத் திறந்தேன். எனக்கும் வரவில்லை. பாட்டின் சந்தம் வந்தது. மூன்றாம் சரணத்தின் நடுவில் ஒரு வரி வந்தது. அந்தப் பக்கத்தின் மூலையில் யாரோ எண்ணெய்க் கையோடு புரட்டிய கறைகூட வந்தது. யாப்பு படித்தவள் நான். முதல் வரி மட்டும் இல்லை. இருவரும் கடை நடுவில் நின்று ராகத்தை முனகிக்கொண்டே வரியைத் தேடினோம். ஒயர் வாங்க வந்தவர்கள் வழிவிட்டு நின்றார்கள். பில் போடுவதை நிறுத்திவிட்டுச் சாந்தி கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா இது, நாப்பது வருசமா பாடிகினு கீறீங்கோ, பாட்டு இன்னான்னு தெரியாதா?"

நாவலூர்ப் பாடகர்

நாவலூர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றிலிருந்து கழுத்தில் அலுவலக அட்டையோடு ஒருவர் வந்தார். அவ்வளவு தூரத்திலிருந்து ஏன் இங்கே என்று கேட்டதற்கு, அந்தப் பக்கத்துக் கடைகளில் தன்னைத் தெரிந்தவர்கள் இருப்பார்கள் என்றார். நான் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டேன்.

குடியிருப்பு விழாவில் பாட ஒத்துக்கொண்டிருந்தார். பெரிய டிவி, அதில் இசை மட்டும் ஒலிக்க வரிகள் ஓடும் கரோக்கே ஆப். தனியாக மைக் எதற்கு, ரிமோட்டிலேயே இருக்கிறதே என்று நினைத்துவிட்டார். மேடையேறி, பட்டனை அழுத்திக்கொண்டு, பல்லவியின் முதல் வரியைப் பாடினார். ரிமோட்டில் இருக்கும் மைக் எதையாவது தேடுவதற்கு மட்டும்தான். பாடுவதற்கும் வீடியோ காலில் பேசுவதற்கும் அது அநேகமாக எந்த ஆப்புக்கும் உதவாது. சில நொடி கேட்கும், பிறகு கேட்டதைத் தேடக் கிளம்பிவிடும். அன்றும் கிளம்பியது. கரோக்கே ஆப் மறைந்து, அதே பாட்டை வேறொருவர் ஒழுங்காகப் பாடும் வீடியோ வந்து முழுதாக ஓடியது. இருநூறு குடும்பங்களும் உட்கார்ந்து கேட்டிருக்கின்றன. இவர் ரிமோட்டோடு ஓரமாக நின்றிருக்கிறார்.

நான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். தனி மைக் ஒன்றைக் காட்டினேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினார். ரிமோட்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னார். அது வீட்டில் கண்ணெதிரே இருக்கக் கூடாதாம்.

"பக்கத்து வீட்டுக்காரர் லிஃப்ட்ல பார்க்கிறப்பல்லாம், 'நீங்க போட்ட அந்தப் பாட்டு நல்லா இருந்தது சார்'ங்கறார் மேடம்."

ஞாயிற்றுக்கிழமைப் பரிசோதனை

கடைக்கு வந்த ரிமோட்டுகள் கொண்டுவந்தவர்களோடு திரும்பிப் போகவில்லை என்பதை நீங்களும் கவனித்திருப்பீர்கள். நானும் கவனித்தேன். எந்த ஆப் மைக்குக்கு என்ன செய்யும் என்று முழுப் பட்டியல் கையில் இருந்தால் ஒழிய என் மேசை தப்பாது என்று தோன்றியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் என் வீட்டு டிவி முன்னால் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தேன். இருந்த இலவச ஆப்களையெல்லாம் இறக்கி, ஒவ்வொன்றிலும் பேசிப் பார்த்தேன். மூன்று சாதியாகப் பிரிந்தன. சில ஆப்கள் தாமே காது கொடுத்துக் கேட்கும். சிலவற்றில் தேடும் கட்டத்துக்குப் போய், எழுத்துப் பலகை திறந்த பிறகு பேசினால், சொன்னதை எழுதிக்கொள்ளும். மூன்றாவது வகை, மைக்கை அழுத்தியதும் நம்மைப் பிடித்து வெளியே, டிவியின் முகப்புக்கே தள்ளிவிடும். அங்கே அதற்குப் பிடித்த படங்களைக் காட்டும்.

சமையல், சங்கீதம், மழை வருமா, மூட்டுவலி, தாம்பரம் மார்க்கெட் என்று வாயில் வந்ததையெல்லாம் கேட்டேன். கேட்க எதுவும் மிச்சமில்லாதபோது, கல்லூரியில் மனப்பாடம் செய்த செய்யுள்களைச் சொன்னேன். ஓர் ஆப் அவற்றை அப்படியே எழுதிக் காட்டியது. நான் எழுதாமல் வேறொருவர் எழுத, நான் சொல்வது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. அழைப்பு மணி அடித்தது. கீழ்வீட்டு விஜயா, மூடிய தட்டோடு வாசலில் நின்றாள். என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தாள். சோபாவில் நோட்டுப் புத்தகம் மட்டும் இருந்தது.

"பேச்சுச் சத்தம் கேட்டுச்சு, ஊர்லேர்ந்து ஆளுங்க வந்திருக்காங்கன்னு நாலு பேருக்கு வடை கொண்டுவந்தேனே ஆன்ட்டி."

நோட்டுப் புத்தகம்

அந்தப் பட்டியலை நான் நன்றாகவே எழுதியிருந்தேன். ஆப்பின் பெயர், மைக்கை ஏற்குமா, எந்த இடத்தில் அனுமதி, எங்கே அழுத்த வேண்டும், எங்கே அழுத்தக் கூடாது. நாற்பது பக்கம். சாந்தியிடம் காட்டிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். அவளும் அட்டையைப் பார்த்துப் பாராட்டினாள். நவம்பர் மழையில் எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தபோது, மேசை இழுப்பறையில் நோட்டு இருக்கிறது, யார் வந்தாலும் அதைப் பார்த்துச் சொல்லிவிடு என்று போனில் சொன்னேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

திரும்பிப் போனபோது மேசைமேல் பதினோரு ரிமோட்டுகள் அட்டைப் பெட்டிகளோடு அடுக்கியிருந்தன. என் ஆறு மாதத்தில் ஒரே வாரத்தில் அத்தனை வந்ததில்லை. ஏழுமலை சார் அவற்றை இரண்டாம் தரம் எண்ணிக்கொண்டிருந்தார். அதுதான் பயமாக இருந்தது. சாந்தி இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்து என் முன்னால் விரித்தாள். அப்போதுதான் நானும் பார்த்தேன். நாற்பது பக்கமும் சுருக்கெழுத்து. கோடு, வளைவு, புள்ளி, கொக்கி. முப்பத்துநான்கு வருடப் பழக்கத்தில் கை தன்பாட்டுக்கு எழுதியிருக்கிறது. எழுதிய எனக்கு அது சாதாரணத் தமிழாகத்தான் தெரிந்திருக்கிறது. தாம்பரம் முழுவதிலும் அதைப் படிக்கக்கூடிய ஒரே ஆள் ஒரு வாரமாகக் கஞ்சி குடித்துக்கொண்டு படுத்திருந்தாள்.

"வந்தவங்க எல்லார்கிட்டயும் காட்னேன்மா. கொசு அட்ச்சு வெச்ச மாதிரி கீதுன்ட்டாங்கோ."

அளவெடுப்பு

டிசம்பர் முதல் வாரத்தில் தச்சர் வந்தார். ஏழுமலை சார் என்னிடம் நேரில் சொல்லச் சங்கடப்பட்டு, டீ வாங்கிக் கொடுத்தார். பிஸ்கட்டும் வைத்தார். இத்தனை மாதமும் பிஸ்கட் வைக்காதவர். திரும்பி வரும் ரிமோட்டுகளைப் பற்றி சரக்கு கொடுக்கும் ஏஜென்சிக்காரர் சத்தம் போடுவதாகவும், கண்ணாடி அலமாரிக்குச் சொல்லிவிட்டதாகவும், கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை வரை நான் வரலாம் என்றும் டீக் குவளையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சரி சார் என்றேன். பிஸ்கட்டை முழுதாகச் சாப்பிட்டேன். எழுந்து போனால் அழுகிறேன் என்று நினைப்பார்களே என்று உட்கார்ந்தே இருந்தேன்.

தச்சர் நாடாவை இழுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வந்தார். சுவரிலிருந்து தூண் வரை, தூணிலிருந்து என் முழங்கை வரை. இடைஞ்சலாக இருக்கிறேனோ என்று நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து எண்ணைக் குறித்துக்கொண்டே கையால் தடுத்தார்.

"இருங்கம்மா, உங்களையும் சேர்த்தே அளந்துட்டேன்."

கார்டு சார்

அந்தச் சனிக்கிழமை காலை அலமாரிப் பலகைகள் வந்து இறங்கிவிட்டன. தச்சர் வாசலில் உட்கார்ந்து இழைத்துக்கொண்டிருந்தார். நான் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது ஆரோக்கியம் சாரும் அவர் மனைவி பிலோமினா அம்மாவும் ரிமோட்டோடு மூன்றாம் முறையாக வந்தார்கள். மின்சார ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு தடவை வந்தபோதும் நான் மைக்கைச் சோதித்தேன், அனுமதிகளைத் திறந்தேன், ரிமோட்டையே மாற்றிக் கொடுத்தேன். கடையில் நான் பேசினால் வேலை செய்யும். அவர் வீட்டில் அவர் பேசினால் செய்யாது. மூன்றாம் தடவையும் செய்யாவிட்டால் ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று வந்திருந்தார்கள்.

நீங்களே பேசிக் காட்டுங்கள் சார் என்றேன். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். ரிமோட்டை வாங்கினார். பட்டன் மேல் கட்டைவிரல் தந்தி அடிப்பது போலத் துடித்தது. நடுக்க நோய். அழுத்துகிறது, விடுகிறது, அழுத்துகிறது, விடுகிறது. ஒரு சொல் முடிவதற்குள் நாலைந்து தரம் மைக் திறந்து மூடியது. அம்புக்குறியால் எழுத்துகளைத் தேடிப் போனால் வேண்டிய எழுத்தைத் தாண்டி ஓடிவிடும். இரண்டு தடவை எதிரிலேயே உட்கார்ந்திருந்தும் நான் ரிமோட்டைப் பார்த்தேன், செட்டிங்ஸைப் பார்த்தேன், அவர் கையைப் பார்க்கவில்லை. பேசுகிறவரின் வாயையும் கையையும் பார்த்தே பிழைத்தவள். அங்கேயே பலகையோடு சேர்த்து என்னையும் இழைத்துவிடலாம் போலிருந்தது.

என்ன பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்று கேட்டேன். ரயில் ஓட்டுகிறவரின் இடத்திலிருந்து எடுத்த வீடியோக்கள் என்றார். முப்பது வருடமும் அவர் கடைசிப் பெட்டியில்தான் இருந்தார். தண்டவாளம் அவருக்கு எப்போதும் விலகிப் போய்க்கொண்டே இருந்தது. முன்னால் அது எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டுமாம். அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு, சின்னப்பிள்ளைத்தனமாகக் கேட்டுவிட்டதுபோலக் கடைத் தரையைப் பார்த்தார்.

நீங்கள் பேசுங்கள், அம்மா அழுத்தட்டும் என்றேன். பிலோமினா அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ரிமோட்டை வாங்கினார். சார் "தாம்பரத்திலேர்ந்து" என்று நிதானமாக ஆரம்பித்தார். அதற்குள் அம்மா விரலை எடுத்துவிட்டார். திரையில் தாம்பரத்து பிரியாணிக் கடைகள் வந்தன. மறுபடியும். "தாம்பரத்திலேர்ந்து பீச்சுக்கு" வரை போய், அம்மா விட்டுவிட்டார். பீச் ஸ்டேஷனுக்குப் பதில் கடற்கரையில் பட்டம் விடுகிற வீடியோ. எத்தனை சொல்லியும் சொல்லுக்கு நடுவில் அவர் மூச்சு வாங்குகிற இடத்தில் அம்மாவின் விரல் தானாக மேலே வந்துவிடுகிறது. இழைப்பை நிறுத்திவிட்டுத் தச்சரும் எழுந்து வந்தார். சாந்தி வந்தாள். கல்லாவிலிருந்து ஏழுமலை சாரும் கழுத்தை நீட்டினார். கடைசியில் ஆரோக்கியம் சாரே சொன்னார்: பேசி முடித்ததும் தலையை ஆட்டுவேன், அதுவரை விடாதே. அம்மா திரையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்தினார். தாம்பரத்திலிருந்து பீச்சுக்குப் போகும் ரயில், ஓட்டுகிறவர் பக்கத்திலிருந்து என்று, ஒவ்வொரு சொல்லாக, இடையில் ஒரு நீண்ட மூச்சோடு, முழுவதையும் சொன்னார். தலையை ஆட்டினார்.

திரையில் தாம்பரம் யார்டு விரிந்தது. சிக்னல் பச்சையானது. தண்டவாளங்கள் நான்கும் ஆறுமாய் எதிரே வந்து, பிரிந்து, சேர்ந்து, எங்கள் காலடிக்குள் புகுந்துகொண்டே இருந்தன. சானடோரியம் வந்தபோது சாரின் கை தன்னையறியாமல் கொடி பிடிப்பது போல உயர்ந்தது. குரோம்பேட்டையும் வந்தது. பிலோமினா அம்மா இன்னும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர் பேசி முடிக்கிற வரைக்கும் நான் காத்துக்கிட்டிருந்தது கல்யாணம் ஆனதிலேர்ந்து இதான் முதல் தடவை மேடம்."

ஒன்றரை மணி

அவர்கள் ரிமோட்டைத் திருப்பிக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள். போகும்போது நான்கு பேட்டரியும், டிவிக்கு ஒரு தூசித் துணியும், வேண்டாத ஒரு நீண்ட ஒயரும் வாங்கிக்கொண்டார்கள். ஒன்றரை அடித்ததும் நான் பையை எடுத்துக்கொண்டு ஏழுமலை சாரிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். ஒரே ஒரு ரிமோட்டைக் காப்பாற்றியவளுக்கு வெற்றிவிழா எடுப்பார் என்ற எண்ணமெல்லாம் எனக்கு இல்லை. பேசப் பயிற்சி செய்துவைத்திருந்த இரண்டு நல்ல வாக்கியங்கள் இருந்தன. அவற்றை நடுங்காமல் சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தேன்.

அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. தச்சரைக் கூப்பிட்டு, அலமாரி மாடிப்படிப் பக்கத்துச் சுவருக்கு வருமா என்று கேட்டார். நாலு அங்குலம் அறுத்தால் வரும் என்றார் அவர். அறுங்க என்றார் ஏழுமலை சார். எனக்கு ஒன்றும் விளங்காமல், என் வாக்கியங்களில் முதலாவதை ஆரம்பித்தேன். திரும்பி வருகிற ரிமோட்டுகளைக் குறைக்க முடியாததற்கு வருத்தப்படுகிறேன் என்பது அது. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"குறையவே இல்லை மேடம், அது உண்மைதான். ஆனா போன் கவர் வாங்க வர்றவன் நின்னுகிட்டே வாங்கிட்டுப் போயிடுவான். திருப்பிக் குடுக்க வர்றவங்கதான் உங்க எதிர்ல உட்கார்றாங்க; உட்கார்ந்தவங்க சும்மா எழுந்திருக்கிறதில்ல, ஒரு பேட்டரியாவது வாங்கிட்டுத்தான் போறாங்க. செவ்வாய்க்கிழமை வந்துடுங்க."

சக துன்பக்காரர்களே, எந்த ஆப்பில் அந்த மைக் கேட்கும், எதில் கேட்காது என்பது எனக்கு இன்றைக்கும் முழுதாகத் தெரியாது. தெரியாததை உட்காரவைத்து நிதானமாகச் சொல்வதற்கு, பேட்டரிகளின் புண்ணியத்தில், வாரத்தில் மூன்று நாள் எனக்கு ஒரு மேசை இருக்கிறது.